பிறர் பிள்ளைகளுக்குத் தாயான மார்கரீத்தம்மாள்



நவம்பர் மாதம் மரித்தவர்களை நினைக்கிற மாதம். கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, மெழுகுதிரி ஏற்றி வந்திருப்பீர்கள். இதே மாதத்தில் மரித்த ஒரு தாயைப் பற்றி இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மெழுகுதிரி ஏற்றுவதற்கு அவருக்குத் தனிக் கல்லறை கிடையாது. 1856-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி இத்தாலி தேசத்துத் தூரின் நகரத்தில் உயிர் துறந்த அவரை, ஏழைகளுக்குரிய பொதுக் குழியில் அடக்கம் செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவப் பெண் அவர். ஆயினும் 2006-ம் ஆண்டில் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. அவர்தாம் அர்ச். ஜான் போஸ்கோவைப் பெற்றெடுத்த மார்கரீத்தம்மாள்.

ஜான் போஸ்கோவை நீங்கள் அறிவீர்கள். நம் வீடுகளில் அவர் படம் உண்டு. நம் பிள்ளைகளில் சிலருக்கு அவர் பெயரும் உண்டு. திக்கற்ற சிறுவர்களைச் சேர்த்து வளர்த்தவர் என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறீர்கள். ஆனால் அந்தச் சிறுவர்களுக்குக் களி கிண்டியது யார், கிழிந்த சட்டையைத் தைத்தது யார், காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தது யார் என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

மார்கரீத்தம்மாள் 1788-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி, வட இத்தாலியில் கப்ரீலியோ என்னும் சிற்றூரில் பிறந்தார். 1812-ல் பிரான்சிஸ் போஸ்கோ என்ற விவசாயிக்கு வாழ்க்கைப்பட்டார். பிரான்சிஸ் ஏற்கெனவே மனைவியை இழந்தவர்; அந்தோணி என்ற சிறு மகன் அவருக்கு இருந்தான். ஆகவே இந்த அம்மாள் தாம் பெறாத பிள்ளைக்கே முதலில் தாயானார் என்பதைக் கவனியுங்கள். அதன் பிறகு 1813-ல் சூசையும் 1815-ல் ஜானும் பிறந்தார்கள்.

1817-ம் ஆண்டு மே மாதத்தில், வயல் வேலை முடிந்து உடம்பெல்லாம் வியர்வையோடு வந்த பிரான்சிஸ், குளிர்ந்த நிலவறைக்குள் ஒரு காரியமாக இறங்கினார். சளிக்காய்ச்சல் கண்டு சில நாளில் இறந்துபோனார். 29 வயதில் மார்கரீத்தம்மாள் விதவையானார். மூத்தவனுக்கு 9 வயது, நடுப்பிள்ளைக்கு 4, கடைக்குட்டி ஜானுக்கு 2 வயதுகூட நிறையவில்லை. நோயாளியான மாமியாரும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தார்.

அந்த ஆண்டிலேயே பஞ்சமும் வந்தது. தானியம் வாங்கி வரப் பணம் கொடுத்து அனுப்பிய ஆள் வெறுங்கையோடு திரும்பினார். எங்கும் விற்பனைக்கு இல்லை. அம்மாள் பிள்ளைகளோடு முழங்காலில் இருந்து செபித்தார். பிறகு எழுந்து கொட்டிலுக்குப் போய், அங்கே நின்ற கன்றை அடித்துச் சமைத்துக் குடும்பத்தின் பசியைத் தீர்த்தார். குடியானவர் வீட்டில் கன்று என்றால் என்னவென்று நம் கிராமத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாளைய பிழைப்பை இன்றைய பசிக்குக் கொடுத்துவிடுவது அது. செபித்த கையோடு செய்ய வேண்டியதைச் செய்வது அவருடைய வழக்கம்.

சிறிது காலத்தில் வசதியான இடத்திலிருந்து அவரை மறுமணத்துக்குக் கேட்டார்கள். பிள்ளைகளை ஒரு பொறுப்பாளரிடம் விட்டால் அவர் நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னார்கள். அம்மாள் மறுத்துவிட்டார். பொறுப்பாளர் நண்பராக இருக்கலாம், தாயாக இருக்க முடியாது என்பது அவர் எண்ணம். இந்த எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

வீட்டில் இல்லாமை இருந்தும், வாசலில் வந்து நின்ற பிச்சைக்காரரை அவர் வெறுங்கையாய் அனுப்பியதில்லை. அடுத்த வீட்டில் நோய் என்றால் இரவில் எழுந்து போனார். இவற்றைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே வளர்ந்தார்கள்.

ஆனால் அந்த வீட்டிலும் சச்சரவு இருந்தது. மூத்தவன் அந்தோணிக்கு, தம்பி ஜான் புத்தகமும் கையுமாக இருப்பது பிடிக்கவில்லை. ஏர் பிடிக்கிற வீட்டில் படிப்பு எதற்கு என்று சண்டை வளர்ந்தது. ஒருவன் தாம் பெற்ற பிள்ளை. மற்றவன் தாம் வளர்த்த பிள்ளை. யாரை விரட்டுவது? 1828-ம் ஆண்டு பிப்ரவரியில், கடுங்குளிர் காலத்தில், 12 வயதுள்ள ஜானைத் துணி மூட்டையோடு வேலை தேடிப் போகும்படி அவரே அனுப்பிவைத்தார். மோலியா என்பவருடைய பண்ணையில் கெஞ்சி இடம் பிடித்த ஜான், அடுத்த ஆண்டுக் கடைசி வரையில் அங்கே மாடு மேய்த்தான். தன் பிள்ளை அந்நியர் வாசலில் நின்று வேலை கேட்கிறான் என்று தெரிந்தும், அடுப்பு மூட்டிச் சமைக்க வேண்டிய தாயின் நெஞ்சு எப்படி இருந்திருக்கும்! பின்னாளில் எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகள் அவர் வாசலில் வந்து நின்றபோது, அவர்களை அவர் அந்நியராகப் பார்க்கவில்லை. காரணம் இதுவாக இருக்கலாம்.

ஜான் குருவாகப் போவதாகச் சொன்னபோது, தமக்கு அவரிடமிருந்து எதுவும் வேண்டாம் என்று அம்மாள் தெளிவாகச் சொல்லிவிட்டார். தாம் ஏழையாய்ப் பிறந்து ஏழையாய் வாழ்ந்ததாகவும், ஏழையாகவே சாக விரும்புவதாகவும், மகன் பணக்காரக் குருவாகிவிட்டால் அவர் வீட்டு வாசற்படியை மிதிக்கப்போவதில்லை என்றும் சொன்னார்.

1841-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி ஜான் போஸ்கோ குருப்பட்டம் பெற்றார். தூரின் நகரம் அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் பிழைப்புத் தேடி வந்தார்கள். சித்தாள் வேலை, புகைபோக்கியில் கரி துடைக்கிற வேலை, எடுபிடி வேலை செய்தார்கள். வேலை இல்லாத நாளில் திருடினார்கள். பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள். சிறைகளுக்குப் போய்வந்த இளங்குரு, விடுதலையான சிறுவர்கள் மறுபடியும் அங்கேயே திரும்பி வருவதைக் கண்டார். வெளியே அவர்களுக்கு ஒரு மனிதத் துணை இருந்திருந்தால் இப்படி ஆகாதே என்று வருந்தினார்.

அந்த ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி, அமலோற்பவத் திருநாளன்று, சக்கிறீஸ்துக்குள் வந்து நின்ற ஓர் அநாதைப் பையனை, பூசைக்கு உதவி செய்யத் தெரியவில்லை என்று கோயிற்பிள்ளை அடித்துத் துரத்தினார். ஜான் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்து, அன்பாய்ப் பேசி, ஞானோபதேசம் கற்பித்தார். அடுத்த வாரத்திலிருந்து அவன் தன் தோழர்களையும் கூட்டி வந்தான். கூட்டம் நூற்றுக்கணக்காய்ப் பெருகியது. கூச்சல் பொறுக்காமல் ஒவ்வோர் இடத்திலிருந்தும் அவர்களைக் கிளப்பினார்கள். 1846-ம் ஆண்டு ஈஸ்டர் திருநாளன்றுதான் வால்தோக்கோ என்ற ஒதுக்குப்புறத்தில் ஒரு தாழ்ந்த கொட்டகை கிடைத்தது.

அதே ஆண்டு ஜூலை மாதத்தில், வேலைப் பளுவால் ஜான் போஸ்கோ சாகக் கிடந்து பிழைத்தார். உடம்பு தேறச் சொந்த ஊருக்கு வந்தவர், திரும்பிப் போகிறபோது தனியாகப் போக அஞ்சினார். அக்கம்பக்கம் நல்ல இடம் அல்ல. குடிக்கடையும் கெட்ட நடத்தையும் உள்ள பகுதி. தாயைக் கூட்டிப் போகும்படி ஊர்ப் பங்குக் குருவானவர் யோசனை சொன்னார். மகன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அம்மாளுக்கு அப்போது 58 வயது. சூசையின் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருந்தார். நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? உழைத்தது போதும், இனி செபமாலை சொல்லிக்கொண்டு மூலையில் உட்காருகிறேன் என்றுதானே? மார்கரீத்தம்மாளோ, இது சர்வேசுரனுக்குப் பிரியம் என்றால் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். 1846-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி, மகன் கையில் கட்டளைச் செபப் புத்தகமும், தாய் கையில் துணிக்கூடையுமாக, இருவரும் கால்நடையாகத் தூரினுக்கு வந்தார்கள். சுமார் 30 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து போளூருக்குப் போகிற தூரத்துக்குச் சற்றே குறைவு. வழியில் ஒரு குரு நண்பர் அவர்களைக் கண்டார். கொடுக்கப் பணம் இல்லாததால், தம் கைக்கடிகாரமல்ல, சட்டைப்பையில் வைக்கிற சங்கிலிக் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். மறுநாள் அதை விற்று வீட்டுக்கு வேண்டியதை வாங்கினார்கள்.

சில நாளில் அம்மாள் ஊரிலிருந்து தம் கலியாணச் சீரை வரவழைத்தார். கலியாண உடை பூசை உடுப்பாயிற்று. நல்ல துணிகள் பீடத்துக்கு ஆயின. இத்தனை ஆண்டுகள் காப்பாற்றி வைத்திருந்த தங்கச் சங்கிலியும் விலைபோயிற்று.

இரவில் தங்க இடமில்லாத சில பையன்களை முதன்முதலில் வைக்கோற்பரணில் படுக்க வைத்தபோது, விடிகிறதற்குள் அவர்கள் போர்வைகளைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள். இது நமக்கு நடந்திருந்தால், இந்தப் பிள்ளைகளே இப்படித்தான் என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருப்போம். அந்த வீட்டில் கதவு சாத்தப்படவில்லை. 1847-ம் ஆண்டு மே மாதம், மழை கொட்டிய ஓர் இரவில், 15 வயதுள்ள ஓர் அநாதைப் பையன் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து நின்றான். கொத்து வேலை தேடி வந்தவன். கொண்டுவந்த 3 லீராவும் செலவாகிவிட்டது. அம்மாள் அவனை அடுப்பருகே உட்கார வைத்து, உடம்பைக் காயவைத்து, சூடாய்ச் சாப்பாடு கொடுத்தார். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவானோ என்ற பயம் தாய்க்கும் மகனுக்கும் இருந்தது. தான் ஏழைதான், திருடன் அல்ல என்று பையன் அழுதான். அம்மாள் செங்கல்லை அடுக்கி, மேலே பலகை போட்டு, மெத்தை விரித்து, சமையலறையிலேயே படுக்கை தயார் செய்தார். தூங்குமுன் உழைப்பைப் பற்றியும் நேர்மையைப் பற்றியும் தேவபக்தியைப் பற்றியும் அவனுக்கு நாலு வார்த்தை சொல்லி, செபம் சொல்ல வைத்தார். இன்றும் சலேசிய சபையாரின் இல்லங்களில், இரவுச் செபத்துக்குப் பின் பிள்ளைகளுக்குச் சுருக்கமாய் ஒரு நல்வார்த்தை சொல்லித் தூங்க அனுப்புகிறார்கள். அந்தப் படியாத தாய் அன்று தொடங்கி வைத்த வழக்கம் அது.

இந்த இடத்தில் என் குற்றம் ஒன்றை உங்களிடம் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். வேறொரு பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். ஒரு மழை இரவில், 10 அல்லது 11 வயதுப் பையன் ஒருவன் குருமனைக் கதவைத் தட்டினான். தங்க இடம் கேட்டான். விடிந்தால் திருநாள், நூறு வேலை. 20 ரூபாயைக் கையில் கொடுத்து, பஸ் நிலையத்துக்கு வழி காட்டி அனுப்பிவிட்டேன். அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மறுநாள் பூசையில் பிரசங்கம் செய்யும்போது அவன் முகம் என் முன் வந்து நின்றது. அதற்குப் பின் அவனை நான் காணவேயில்லை. நான் கொடுத்தது தர்மம் அல்ல; அவனைப் போகச் சொல்வதற்குக் கொடுத்த கூலி என்று பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

மார்கரீத்தம்மாளின் வீட்டில் அந்த ஒரு பையன் பலரானான். சில ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கேயே தங்கி உண்டு வளர்ந்தார்கள். எல்லாருக்கும் அவர் அம்மா. பகலெல்லாம் சமையலும் சலவையும். இரவில் எல்லாரும் தூங்கிய பிறகு, கிழிந்த கால்சட்டைக்கும் காலுறைக்கும் ஒட்டுப் போடுகிற வேலை. இதற்குச் சம்பளம் கிடையாது. பாராட்டுக் கூட்டமும் கிடையாது.

அவரும் மனுஷிதான். ஒரு நாள் பொறுமை எல்லை கடந்தது. அம்மாள் பாடுபட்டுப் போட்ட காய்கறித் தோட்டத்தைப் பையன்கள் போர் விளையாட்டில் மிதித்துத் துவைத்திருந்தார்கள். துவைத்துக் காயப்போட்ட துணி மண்ணில் கிடந்தது. சட்டி ஒரு பக்கம், கரண்டி ஒரு பக்கம். அவர் மகனிடம் போய், தம்மால் இனி முடியாது, ஊருக்கே போய்க் கடைசிக் காலத்தைக் கழிக்கிறேன் என்று முறையிட்டார். ஜான் போஸ்கோ விவாதம் பண்ணவில்லை. சுவரில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைக் கையால் காட்டினார். அம்மாள் அண்ணாந்து பார்த்தார். கண்ணில் நீர் நிறைந்தது. மகன் சொல்ல வந்தது சரிதான் என்று ஒப்புக்கொண்டு, மேல்துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு அடுப்பங்கரைக்குத் திரும்பினார். அதன்பின் சாகும்வரை ஊருக்குப் போகிற பேச்சை அவர் எடுக்கவில்லை.

பிரியமானவர்களே, அந்தத் தாயின் அருஞ்செயல் எது என்று என்னைக் கேட்டால், கலியாணச் சங்கிலியை விற்ற நாளை நான் சொல்ல மாட்டேன். இந்த நாளைத்தான் சொல்வேன். உற்சாகத்தில் கொடுப்பது எளிது. தோட்டம் மிதிபட்ட பிறகும் தங்குவதே கடினம்.

1854-ம் ஆண்டில் தூரினில் காலரா பரவியபோது, இந்தப் பையன்களில் 44 பேர் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய முன்வந்தார்கள். ஒருவனையும் நோய் தொடவில்லை. நோயாளிகளுக்குப் போர்த்தத் துணி கேட்டு அவர்கள் ஓடி வரும்போதெல்லாம், அம்மாள் படுக்கை விரிப்புகளை எடுத்துக் கொடுத்தார். அவை தீர்ந்தபின் மேசை விரிப்பையும், கடைசியில் அனுமதி பெற்றுப் பீடத்துணிகளையும் கொடுத்தார். போர்வை திருடி ஓடிய பையன்களைக் கண்ட அதே வீட்டிலிருந்து, முன்பின் அறியாதவர்களுக்காக உயிரைப் பணயம் வைக்கிற பையன்கள் புறப்பட்டார்கள். எட்டு ஆண்டுகள் ஒரு தாய் அங்கே தங்கியதன் பலன் அது.

அம்மாள் தனியாகவும் இல்லை. அவருடைய சகோதரி வந்து சேர்ந்துகொண்டார். பின்னாளில் பேராயரான கஸ்தால்தி என்பவரின் தாயார், சீமாட்டியாயிருந்தும், பையன்களின் துணிமணிகளைக் கவனிக்க வந்தார். அம்மாள் நுரையீரல் காய்ச்சலால் மரித்தபோது, மிக்கேல் ரூவா என்ற மாணவரின் தாய் அந்த அடுப்பை ஏற்றுக்கொண்டு, சுமார் 20 ஆண்டுகள் அங்கேயே உழைத்தார்.

1859-ல் ஜான் போஸ்கோ சலேசிய சபையைத் தொடங்கினார். 1888-ல் அவர் இறந்தார். 1934-ல் அர்ச்சியசிஷ்டப் பட்டம் பெற்றார். அவருடைய குருக்கள் 1906-ம் ஆண்டு சனவரி 14-ந் தேதி தஞ்சாவூரில் கால் வைத்தபோது, அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டவற்றுள் ஓர் அநாதைப் பிள்ளைகள் இல்லமும் இருந்தது. பிறகு அவர்கள் நம் வடஆற்காட்டுப் பகுதிக்கும் வந்தார்கள். திருப்பத்தூரின் தூய நெஞ்சக் கல்லூரி அவர்கள் 1951-ல் ஏற்படுத்தியது. 1952-ல் உருவான நம் வேலூர் மறைமாவட்டத்தின் முதல் ஆயரும் சலேசிய சபையைச் சேர்ந்தவரே. தூரின் நகரத்துச் சமையலறையின் வெளிச்சம் நம் வாசல் வரை வந்திருக்கிறது.

இனி நம் ஊரைப் பாருங்கள். கார்த்திகைத் தீபம் நெருங்குகிறது. இலட்சக்கணக்கான மக்கள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடப்பார்கள். அந்தக் கூட்டத்தில் கை தவறிய குழந்தைகள் இருப்பார்கள். வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள் இருப்பார்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் பலூன் விற்கவும் கையேந்தவும் விடப்பட்டவர்கள் இருப்பார்கள். காசு போட்டுவிட்டுக் கடந்து போகாதீர்கள். நின்று, குனிந்து, பெயரைக் கேளுங்கள். பிறகு 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், கட்டணம் இல்லை. பக்கத்தில் இருக்கிற போலீசாரிடமும் சொல்லலாம். துணையின்றிக் கிடைத்த குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். இரக்கப்பட்டு நீங்களே வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது; குழந்தை எங்கே இருப்பது நல்லதென்று குழந்தைகள் நலக் குழு தீர்மானிக்கும். அதுவரையில் அந்தப் பிள்ளையின் கையை விடாமல் பிடித்திருப்பது உங்கள் கடமை.

இன்னொன்று. கிறிஸ்மஸ் சமயத்தில் நம்மில் பலர் பிள்ளைகள் இல்லங்களுக்குப் போய்ப் பிரியாணி கொடுத்து, கேக் வெட்டி, படம் பிடித்துக்கொண்டு வருகிறோம். அது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் பிப்ரவரி மாதத்தில் அந்த வாசலில் நம் செருப்பு ஒன்றையும் காணோம். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். பொத்தான் தைக்க ஆள் வேண்டும். ஆஸ்பத்திரியில் கூட உட்கார ஆள் வேண்டும். பணம் இல்லை என்பவர்களுக்கும், படிப்பு இல்லை என்பவர்களுக்கும் மார்கரீத்தம்மாள் பதிலாக நிற்கிறார். வயதாகிவிட்டது என்பவர்களுக்கு, அவர் 58 வயதில் நடந்த அந்த 30 கிலோமீட்டர் பதில் சொல்லும். மாதம் ஒரு நாள், ஒரே இல்லம், ஓர் ஆண்டு முழுவதும் என்று எத்தனை குடும்பங்கள் முன்வருவீர்கள்? இல்லத்தாரின் அனுமதியோடும் ஒழுங்கோடும் செய்வோம். பூசை முடிந்ததும் சக்கிறீஸ்துக்கு வந்து பெயர் கொடுங்கள். என் பெயரை முதலாவதாக எழுதி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 25-ந் தேதி இரவு, உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நல்வார்த்தை சொல்லித் தூங்க வையுங்கள். பிறகு, அப்படிச் சொல்ல யாருமில்லாத பிள்ளைகளுக்காகக் குடும்பமாய் ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள்நிறை மந்திரமும் சொல்லுங்கள். நான் பெயர் கேட்காமல் அனுப்பிய அந்தப் பையனையும் அந்தச் செபத்தில் சேர்த்துக்கொள்ளும்படி உங்களை மன்றாடுகிறேன்.

சேசுவில் உங்கள்
பங்குக் குரு